‘யூஸ்டு டு’ என்றால் வழக்கமா, விட்டுப்போன வழக்கமா?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஒரே ஒரு ஆங்கிலத் தொடரைப் பற்றிக் கேட்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அண்மையில் என் தாயாரை, வெளிநாட்டில் என் அண்ணன் குடியிருக்கும் ஊரில், ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தேன். அம்மா பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்து வருகிறார். மருத்துவர் விவரம் கேட்டபோது, “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு சாப்பிடுவேன்” என்று அம்மா சொன்னார். நான் சற்றும் தயங்காமல், “ஷி யூஸ்டு டு டேக் ஒன் இன் த மார்னிங் அண்ட் ஒன் அட் நைட்” என்று மொழிபெயர்த்தேன். மருத்துவர் குறித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்து, எப்போது நிறுத்தினார், யார் சொல்லி நிறுத்தினார் என்று கேட்டார். அம்மா ஒரு நாளும் நிறுத்தவில்லையே என்று நான் குழம்ப, அவரும் குழம்ப, என் வாயிலிருந்து வந்த வாக்கியமே அந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று விளங்கச் சில நிமிடங்கள் ஆயின. அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டவர் என்று எண்ணிப் புதிதாக ஏதேனும் எழுதிக் கொடுத்திருப்பார். அதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு உடல் நடுங்குகிறது.

பள்ளியில் எங்களுக்கு, ‘யூஸ்டு டு’ என்றால் ‘வழக்கமாகச் செய்தல்’ என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு மாத்திரை சாப்பிடுவது வழக்கம்தானே. அப்படியிருக்க, என் வாக்கியத்தில் பிழை எங்கே இருக்கிறது? இந்தத் தொடரை அன்றாடப் பேச்சில் எங்கெல்லாம் பயன்படுத்தலாம், எங்கெல்லாம் கூடாது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வெண்கட்டி

இருபது ஆண்டுகளாக ஆங்கிலப் பாடம் எடுத்து வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் பிழைதான் என் மாணவர்களிடம் நான் மிகுதியாகத் திருத்திய பிழை என்பதால், விரிவாகவே எழுதுகிறேன்.

‘யூஸ்டு டு’ என்பது இறந்தகால வழக்கத்தை மட்டுமே சொல்லும் தொடர். ‘ஐ யூஸ்டு டு டிரிங்க் காபி’ என்றால், முன்பு காபி குடிக்கும் பழக்கம் இருந்தது என்று பொருள். கேட்பவர் உடனே, இப்போது அந்தப் பழக்கம் இல்லை என்று எடுத்துக்கொள்வார். இன்றும் தொடரும் பழக்கத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் தனித் தொடரே தேவையில்லை. ‘ஐ டிரிங்க் காபி எவ்ரி மார்னிங்’ என்னும் எளிய நிகழ்காலமே போதும். வேண்டுமானால் ‘யூஷுவலி’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் தாயாரைப் பற்றி நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது, ‘ஷி டேக்ஸ் ஒன் இன் த மார்னிங் அண்ட் ஒன் அட் நைட்’ என்பதே.

நமக்கு ஏன் இந்தத் தடுமாற்றம் நேர்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். ‘சாப்பிடுவேன்’ என்ற ஒரே சொல் தமிழில் மூன்று வேலைகளைச் செய்கிறது. ‘நாளைக்குச் சாப்பிடுவேன்’ என்றால் எதிர்காலம். ‘தினமும் சாப்பிடுவேன்’ என்றால் இன்றைய பழக்கம். ‘சின்ன வயதில் மண்ணைக்கூட அள்ளிச் சாப்பிடுவேன்’ என்றால் கடந்துபோன பழக்கம். காலத்தை வினை சொல்வதில்லை. ‘நாளைக்கு’, ‘தினமும்’, ‘சின்ன வயதில்’ என்னும் சொற்களே சொல்கின்றன. இதனோடு, ‘யூஸ்டு டு’ என்றால் ‘வழக்கம்’ என்று அரைகுறையாகப் பொருள் எழுதிப் போடுகிற கையேடுகளும் சேர்ந்துகொண்டன. ‘வழக்கம்’ என்ற சொல்லுக்குக் காலம் இல்லை. ‘வழக்கமாக இருந்தது’ என்று முழுமையாக எழுதியிருந்தால் பாதிப் பிழைகள் நேர்ந்திருக்கமாட்டா.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எத்தனை முறை, எத்தனை ஆண்டு என்று மொத்தக் கணக்குச் சொல்லிவிட்டால் அங்கே ‘யூஸ்டு டு’ வராது. ‘ஐ யூஸ்டு டு லிவ் இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதுவது வழு; ‘ஐ லிவ்டு இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பதே சரி. ஆனால் ‘வாரத்துக்கு மூன்று முறை’ என்பது மொத்தக் கணக்கு அன்று, பழக்கத்தின் அளவு. ஆகவே ‘வி யூஸ்டு டு மீட் த்ரீ டைம்ஸ் அ வீக்’ என்று தாராளமாக எழுதலாம்.

காவிரிக்கரை

மிக்க நன்றி. பன்னிரண்டு ஆண்டுகளாக எடுத்து வருகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்பினால், என்ன வடிவம் பொருந்தும்? மேலும், ‘ஐ ஆம் யூஸ்டு டு’ என்று சிலர் பேசுவதைக் கேட்கிறேன். அது இதே தொடரின் வேறு வடிவமா?

வெண்கட்டி

முதல் கேள்விக்கு: ‘ஷி ஹாஸ் பீன் டேக்கிங் இட் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்’. தொடங்கியது அன்று, தொடர்வது இன்று என்னும் இரண்டையும் ஒருசேரச் சொல்வதற்கென்றே அமைந்த வடிவம் அது. நம்முடைய ‘எடுத்து வருகிறார்’ என்பதற்கு அதைவிட நெருக்கமான ஆங்கிலம் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு: அது வேறு தொடர், எழுத்துதான் ஒன்று. ‘ஐ ஆம் யூஸ்டு டு த ஹீட்’ என்றால், ‘இந்த வெயில் எனக்குப் பழகிவிட்டது’ என்று பொருள். இங்கே ‘யூஸ்டு’ என்பது வினையன்று, பழகிய நிலையைக் குறிக்கும் பெயரடை. பின்னால் வரும் ‘டு’வும் முன்னிடைச்சொல்லாக நிற்பதால், அதற்குப் பின் பெயர்ச்சொல்லோ, ‘இங்’ ஈறு பெற்ற வினையோதான் வரும். ‘ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபோர்’ என்றால் முன்பு நான்கு மணிக்கு எழுவேன். ‘ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் அட் ஃபோர்’ என்றால் நான்கு மணிக்கு எழுவது எனக்கு இப்போது சிரமமாக இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே ஒரு வாழ்க்கையே மாறியிருக்கிறது.

ஐயம் வரும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘டு’வுக்குப் பின் ‘இட்’ என்ற சொல்லை வைத்து நிறுத்துங்கள். ‘ஐ ஆம் யூஸ்டு டு இட்’ என்று நிறுத்தினால் வாக்கியம் முடிந்துவிடுகிறது. ஆகவே அங்கே ‘இங்’ வேண்டும். ‘ஐ யூஸ்டு டு இட்’ என்று நிறுத்த முடியாது. ஆகவே அங்கே வெறும் வினை வேண்டும்.

பழகிய நிலையைச் சொல்ல ‘பீ’ என்பதன் வடிவங்கள். பழகிக்கொண்டுவரும் மாற்றத்தைச் சொல்ல ‘கெட்’. ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்டு டு த கோல்டு’ என்றால் குளிர் மெல்ல மெல்லப் பழகி வருகிறது. இங்கும் தமிழர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தமிழில் பழகுவது குளிர்; ‘எனக்குக் குளிர் பழகிவிட்டது’ என்கிறோம். ஆங்கிலத்திலோ ஆள்தான் எழுவாய். என் மாணவி ஒருத்தி, ‘திஸ் கோல்டு இஸ் யூஸ்டு டு மீ’ என்று எழுதியிருந்தாள். குளிர் என்னைச் சகித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டது என்ற பொருள் அதில் வந்துவிட்டது. தமிழ் வாக்கியத்தை அப்படியே பெயர்த்ததால் நேர்ந்த பிழை என்று அவளுக்கு எடுத்துச் சொன்னபோது, அவள் அதன்பின் ஒருநாளும் அதை மறக்கவில்லை.

தந்திக்கம்பி

ஒலிப்பைப் பற்றிச் சுருக்கமாக ஒரு செய்தி. ‘இந்தக் கத்தி ரொட்டி வெட்டப் பயன்படுகிறது’ என்பதை ஆங்கிலத்தில் ‘திஸ் நைஃப் இஸ் யூஸ்டு டு கட் பிரெட்’ என்று சொல்கிறோம். இதுவும் எழுத்தில் அதே உருவம்தான். ஆனால் இங்கே நடுவில் உள்ள ஒலி, தேனீ ரீங்கரிப்பதுபோல் அதிர்ந்து வரும். பழக்கத்தைச் சொல்லும் ‘யூஸ்டு டு’விலும், பழகியதைச் சொல்லும் ‘யூஸ்டு டு’விலும் அந்த அதிர்வு இல்லை; பாம்பு சீறுவதுபோன்ற ‘ஸ்’ ஒலியும், அதை ஒட்டி ஒரு வல்லின டகரமும் மட்டுமே கேட்கும். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஸகரத்தையே எழுதுவதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை.

பேச்சில் ‘யூஸ்ட்’ என்பதன் கடைசி ஒலியும் ‘டு’வின் முதல் ஒலியும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இதனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ‘யூஸ் டு’ என்று தவறாக எழுதிவிடுவது உண்டு. உடன்பாட்டு வாக்கியத்தில் இறந்தகால ‘டி’ எழுத்து இருந்தே ஆக வேண்டும். ‘டிட்’ வந்துவிட்டால், இறந்தகாலத்தை அது ஏற்றுக்கொள்வதால், ‘டிட் யூ யூஸ் டு ஸ்விம்?’, ‘ஐ டிட் நாட் யூஸ் டு லைக் இட்’ என்று அந்த எழுத்தை நீக்கி எழுதுவதே பொதுவாக ஏற்கப்பட்ட முறை. ‘டிட் நாட் யூஸ்டு டு’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். தேர்விலும் அலுவல் கடிதத்திலும் அதைத் தவிர்ப்பது நல்லது. எதிர்மறையில் தடுமாற்றம் வந்தால், ‘ஐ நெவர் யூஸ்டு டு லைக் இட்’ என்று சொல்லிவிடலாம்.

ஏட்டுச்சுவடி

இந்த இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். ஆங்கிலத்தின் இந்த நுட்பம் தமிழில் இல்லை என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இருந்தது, அதுவும் மிகத் துல்லியமாக இருந்தது.

புறநானூற்றின் 235-ஆம் பாட்டில், அதியமான் இறந்தபின் ஔவையார் பாடுகிறார்: “சிறியகள் பெறினே எமக்கீயும் மன்னே.” கொஞ்சம் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்பது முதல் பொருள். ‘ஈயும்’ என்ற சொல் வழக்கத்தைச் சொல்கிறது. அதன் பின் நிற்கும் ‘மன்’ என்ற இடைச்சொல், அந்த வழக்கம் கழிந்துபோனது, இனி அவன் கொடுக்கமாட்டான் என்பதைச் சொல்கிறது. தொல்காப்பிய இடையியல், மன்னைச் சொல்லுக்குக் கழிவு (கழிந்துபோனது), ஆக்கம் (வேறொன்றாக ஆவது), ஒழியிசை (சொல்லாமல் விட்டதைக் குறிப்பால் உணர்த்துவது) என்று மூன்று பொருள் வகுக்கிறது. கழிவுப் பொருளுக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டே இந்த அடிதான்.

‘ஹி யூஸ்டு டு கிவ் இட் டு அஸ்’ என்று அந்த அடியை ஆங்கிலத்தில் சொன்னால், ‘ஈயும்’ என்பதன் வேலையும் ‘மன்’ என்பதன் வேலையும் அந்த ஒரே தொடருக்குள் அடங்கிவிடுகின்றன. ‘மன்’ பேச்சிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டது. நம்மிடம் இன்று ‘ஈயும்’ மட்டுமே எஞ்சி நிற்கிறது. எஞ்சிய அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, காவிரிக்கரை அவர்கள் முழுமையும் கொண்ட ஆங்கிலத் தொடரால் மொழிபெயர்த்தார். அம்மா சொன்னது ‘சாப்பிடுவேன்’. மருத்துவரின் காதில் விழுந்தது ‘சாப்பிடுவேன் மன்’. பிழையின் வேர் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

‘செய்யும்’ என்னும் வாய்பாடு காலத்துக்கு அப்பாற்பட்டு நிற்பதும் பழைய இலக்கணம்தான். மூன்று காலத்திலும் மாறாத இயல்பை அந்தப் பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ‘மலை நிற்கும்’ என்பது உரையில் வரும் காட்டு. மலை நாளைக்கு நிற்கப்போகிறது என்று யாரும் அதற்குப் பொருள் கொள்வதில்லை.

வல்லைவெளி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுடைய பேச்சில் இந்த வேறுபாடு ஓரளவுக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. “முந்தி நான் பின்னேரத்திலை வாசிகசாலைக்குப் போறனான்” என்று இங்கே சாதாரணமாகச் சொல்வோம். ஒரு தடவை போனதைச் சொல்லுவதானால் ‘போனனான்’. பழக்கமாகப் போனதைச் சொல்லுவதானால் ‘போறனான்’. ஆயினும் ‘போறனான்’ இன்றைய பழக்கத்துக்கும் வரும் என்பதால், ‘முந்தி’ என்ற சொல்லை விட்டுவிட்டால் எங்களுக்கும் அதே சிக்கல்தான். எனவே ஆங்கிலத்துக்குப் போகும்போது, ‘முந்தி’ என்று மனத்துக்குள் சொல்லிப் பார்க்கச் சொல்லி என் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறேன். ‘முந்தி’ பொருந்தினால் ‘யூஸ்டு டு’. பொருந்தாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

ஏட்டுச்சுவடி ஐயாவிடம் ஒரு கேள்வி. ‘மன்’ இன்று செய்ய முடியாததை, ‘போவதுண்டு’ என்பது செய்கிறதா?

ஏட்டுச்சுவடி

இல்லை என்றே நினைக்கிறேன். ‘எப்போதாவது போவதுண்டு’ என்றால் இன்றும் போகிறேன் என்றுதான் பொருள். ‘முன்பெல்லாம் போவதுண்டு’ என்று முன்னொட்டாக ஒரு காலச்சொல் சேர்ந்தால்தான் கழிவு தோன்றுகிறது. ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்பது ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் அது அந்த நேரத்தில் வழியில் இருந்ததையும் குறிக்கும். உங்களுடைய ‘முந்தி’ சோதனையே எனக்கு மிகப் பொருத்தமாகத் தெரிகிறது.

படித்துறை

ஒரு சிறு மறுப்பு. ‘யூஸ்டு டு’ என்றாலே இப்போது இல்லை என்று மேலே உறுதியாக எழுதப்பட்டிருக்கிறது. ‘ஹி யூஸ்டு டு ஸ்மோக், அண்ட் ஹி ஸ்டில் டஸ்’ என்று ஆங்கிலேயர் பேசுவதில் முரண் எதுவும் இல்லையே. கழிவு என்பது தொடரின் நேர்ப்பொருளாக இருந்தால் இந்த வாக்கியம் தன்னைத்தானே மறுத்துக்கொண்டிருக்கும். ஆகவே, அது குறிப்புப் பொருள்தான், கேட்பவர் ஊகித்துக்கொள்வது.

அதோடு, ‘உட்’ என்ற துணைவினையும் கடந்த வழக்கத்தைச் சொல்லுமே. அதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

வெண்கட்டி

படித்துறை அவர்கள் சொல்வது இலக்கண அளவில் சரி. நான் இன்னும் கவனமாக எழுதியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஊகத்தை விலக்குவதற்காகவே ‘அண்ட் ஹி ஸ்டில் டஸ்’ என்று சேர்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். விலக்கும் சொல் இல்லாமல் வெறுமனே நிற்கும்போது கேட்பவர் கழிவையே எடுத்துக்கொள்வார். மருத்துவரின் அறையில் நடந்ததும் அதுதான். குறிப்புப் பொருளாயினும் அதன் விளைவு நேர்ப்பொருளின் விளைவைவிடக் குறைந்ததாக இல்லை.

‘உட்’ பற்றிக் கேட்டது மிக நல்லது. திரும்பத் திரும்பச் செய்த செயலானால் இரண்டும் பொருந்தும். ‘எவ்ரி சம்மர் வி யூஸ்டு டு கோ டு அவர் கிராண்ட்மதர்ஸ் ஹவுஸ்’ என்று தொடங்கி, ‘ஷி உட் மேக் முறுக்கு, வி உட் ஸ்லீப் ஆன் த டெரஸ்’ என்று தொடர்வதே ஆங்கிலக் கதை சொல்லலின் இயல்பான நடை. முதல் வாக்கியத்தில் ‘யூஸ்டு டு’ காலத்தை நிலைநாட்டிவிடுகிறது. பின்வரும் வாக்கியங்களை ‘உட்’ சுமந்து செல்கிறது. காலம் நிலைநாட்டப்படாமல் ‘உட்’ என்று தொடங்கினால், ஏதோ நிபந்தனை வாக்கியம் வரப்போகிறது என்று கேட்பவர் காத்திருப்பார்.

ஆனால் செயலாக இல்லாமல் நிலையாக இருந்தால் ‘உட்’ வராது. ‘இங்கே ஒரு கிணறு இருந்தது’ என்பதற்கு ‘தேர் யூஸ்டு டு பீ அ வெல் ஹியர்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘தேர் உட் பீ அ வெல் ஹியர்’ என்பது அந்தப் பொருளைத் தராது. தமிழரை இது எளிதில் ஏமாற்றிவிடும். ஏனெனில் தமிழில், ‘அப்போதெல்லாம் இந்த முக்கில் ஒரு புளியமரம் இருக்கும், அதன் அடியில் ஒரு சோடாக்கடை இருக்கும்’ என்று நிலையையும் அதே ‘செய்யும்’ வாய்பாட்டால் சொல்லிவிடுகிறோம். அந்த ‘இருக்கும்’ என்பதை ‘உட் பீ’ என்று பெயர்த்தால் தவறாகிவிடும்.

ஏட்டுச்சுவடி

ஆங்கிலத்தின் பழைய வழக்கைப் பற்றி ஒரு செய்தியையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ‘யூஸ்’ என்ற வினைக்குப் ‘பயன்படுத்து’ என்ற பொருளோடு ‘வழக்கமாகச் செய்’ என்ற பொருளும் ஒரு காலத்தில் இருந்தது. அந்தப் பொருளில் அது நிகழ்காலத்திலும் வழங்கியது. மில்டன் 1637-இல் எழுதிய இரங்கற்பா ஒன்றில், ‘மற்றவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல’ என்ற பொருளில் ‘ஆஸ் அதர்ஸ் யூஸ்’ என்ற தொடர் வருகிறது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், யாத்திராகமம் 21:36-இல், முட்டும் பழக்கமுள்ள மாட்டைச் சொல்லும்போது, ‘ஹாத் யூஸ்டு டு புஷ்’ என்று எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் நிகழ்கால வடிவம் வழக்கொழிந்து, இறந்தகால வடிவம் மட்டும் தனித்து நின்றுவிட்டது. நிகழ்காலத்தை இழந்த சொல் ஆதலால்தான் கழிந்ததை மட்டும் சொல்வதற்கு அது அவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது போலும்.

மாடிவீட்டுத்திண்ணை

நான் ஓர் அலுவலகத்தில் பணிக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். ‘ஐ யூஸ்டு டு ஹேண்டில் த அக்கவுண்ட்ஸ் ஆஃப் த்ரீ பிராஞ்சஸ்’ என்று எழுதும் விண்ணப்பதாரரிடம், அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து ஏன் எடுத்துவிட்டார்கள் என்று நாங்கள் கேட்கிறோம். இன்றும் அவரே பார்க்கிறார் என்பது பிறகுதான் தெரிகிறது. அதற்குள் குழுவில் ஒருவர் மனத்தில் ஐயம் விழுந்துவிடுகிறது. தகுதியுள்ளவர்கள் ஒரு தொடரால் பின்தங்குவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. தயவுசெய்து இன்று செய்யும் வேலைக்கு ‘ஐ ஹேண்டில்’ என்று எழுதுங்கள்.

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. அம்மா அடுத்த முறை செல்லும்போது கையில் கொடுத்தனுப்ப ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன். சரிபார்த்துச் சொல்ல வேண்டுகிறேன். தமிழில் பொருள் இது: பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. முன்பு மூட்டுவலிக்கு வேறொரு மாத்திரை எடுத்தார், அதை 2019-இல் நிறுத்திவிட்டார். ஊசி போட்டுக்கொள்வது அவருக்குப் பழக்கமில்லை, பயப்படுவார்.

ஆங்கிலத்தில் எழுதியிருப்பது: ‘ஷி ஹாஸ் பீன் டேக்கிங் டயபடீஸ் டேப்லட்ஸ் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ். ஷி டேக்ஸ் ஒன் இன் த மார்னிங் அண்ட் ஒன் அட் நைட். ஷி யூஸ்டு டு டேக் அனதர் டேப்லட் ஃபார் ஜாயிண்ட் பெயின், பட் ஸ்டாப்டு இன் 2019. ஷி இஸ் நாட் யூஸ்டு டு டேக் இன்ஜெக்‌ஷன்ஸ்.’

வெண்கட்டி

முதல் மூன்றும் பிழையின்றி இருக்கின்றன. நிறுத்திய ஆண்டையும் சேர்த்து எழுதியிருப்பது மிக நல்லது; இனி யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. கடைசி வாக்கியத்தில் மட்டும் ‘இட்’ சோதனையைச் செய்து பாருங்கள்.

காவிரிக்கரை

‘ஷி இஸ் நாட் யூஸ்டு டு இட்’ என்று நிறுத்த முடிகிறது. அப்படியானால் ‘ஷி இஸ் நாட் யூஸ்டு டு டேக்கிங் இன்ஜெக்‌ஷன்ஸ்’ என்று வர வேண்டும். திருத்திவிட்டேன்.

வெண்கட்டி

சரி. ஊசி போடுபவருக்கு ‘கிவ்’, போட்டுக்கொள்பவருக்கு ‘ஹாவ்’ அல்லது ‘கெட்’ என்று வழங்குவதால், ‘டேக்கிங்’ என்பதற்கு மாற்றாகக் ‘கெட்டிங்’ என்று எழுதினால் இன்னும் இயல்பாக இருக்கும். சீட்டின் மேல் அம்மாவின் பெயரையும் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் தெளிவாக எழுதிவிடுங்கள்.